புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? மின்சாரம் போகும் வழியிலேயே தேடிப் போங்கள்

பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் முதலில் கையை எடுங்கள். பார்த்துப் பார்த்து வாங்கிய பாகங்களை ஒவ்வொன்றாக மாட்டி, கேபிள்களையெல்லாம் பின்பக்கம் இழுத்து அழகாகக் கட்டி, கடைசியில் பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை என்றால் வயிற்றைப் பிசையத்தான் செய்யும். அந்த நேரத்தில் மனசு நேராக 'போர்டு போச்சு, பிராசஸர் போச்சு' என்றுதான் ஓடும். அப்படி ஓடவிடாதீர்கள். நானே கட்டியதிலும் சரி, மற்றவர்களுக்காக உட்கார்ந்து பார்த்ததிலும் சரி, புது மெஷின் எழாமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் செத்துப்போன பாகம் இல்லை. முழுசாக உட்காராத ஒரு கனெக்டர், மாட்ட மறந்த ஒரு கேபிள், படக்கூடாத இடத்தில் பட்ட ஒரு துண்டு உலோகம், இவற்றில் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை ரொம்ப எளிமையானது. சுவரிலிருந்து புறப்படும் மின்சாரம் எந்த வழியாகப் பிராசஸர் வரை போகிறதோ, அதே வழியில் நாமும் போய், எந்த இடத்தில் அது நின்றுவிட்டது என்று பார்ப்பது. பாகத்தை மாற்றிப் பார்ப்பதெல்லாம் கடைசி வேலை. ஆரம்பத்திலேயே அதைச் செய்தால், ஒரு கேபிளைச் சரியாக அழுத்தியிருந்தால் முடிந்திருக்கும் விஷயத்துக்கு இன்னொரு மதர்போர்டு வாங்கி நிற்போம்.

எந்த மாதிரி ஆன் ஆகவில்லை?

'ஆன் ஆகவில்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை, ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு ஃபேன் அசையவில்லை என்பது ஒன்று. அழுத்தியதும் ஃபேன்கள் கால் சுற்றோ அரைச் சுற்றோ சுற்றி அப்படியே நின்றுவிடுகின்றன என்பது இரண்டாவது. ஃபேனெல்லாம் நன்றாகவே சுற்றுகிறது, விளக்குகளும் எரிகின்றன, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்பது மூன்றாவது.

முதலாவதில் மின்சாரம் வந்து சேரவில்லை, அல்லது 'எழுந்திரு' என்ற உத்தரவு போய்ச் சேரவில்லை. இரண்டாவதில் மின்சாரம் வருகிறது, ஆனால் பெரும்பாலும் எங்கேயோ ஷார்ட் ஆவதால் பவர் சப்ளை தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. மூன்றாவது பெரும்பாலும் ராம், பிராசஸர், பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்), கிராபிக்ஸ் கார்டு சம்பந்தப்பட்டது. ஒரே ஒரு மின்கேபிள் மட்டும் அதில் மாட்டிக்கொள்ளும், அதை அப்புறம் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை அழுத்தி, கண்ணையும் காதையும் அங்கேயே வைத்து, உங்களுடையது இந்த மூன்றில் எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உள்ளே கை வைப்பதற்கு முன் ஒன்று. பின்பக்க ஸ்விட்சை அணைத்து, மின்கேபிளை உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தையும் இறக்கிவிடுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அப்புறம், எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கேபிளை உருவிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியெறியும் அளவுக்கு மின்னழுத்தம் மிச்சம் இருக்கலாம்.

சுவரிலிருந்து போர்டு வரை

சுவர் பிளக்கில் வேறு ஏதாவது ஒன்றைச் சொருகி, மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தால் அதைத் தள்ளி வைத்துவிட்டு நேரே சுவரில் மாட்டுங்கள். மின்கேபிளின் எஸ்எம்பிஎஸ் பக்க முனை முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். புது எஸ்எம்பிஎஸ்ஸில் அது சில சமயம் ரொம்ப இறுக்கமாக இருக்கும், பாதி போனதும் போதும் என்று தோன்றிவிடும். எஸ்எம்பிஎஸ் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒற்றைக் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆஃப். இதைக்கூடவா பார்க்காமல் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். கேபிள்களை மாட்டும்போது பாதுகாப்புக்காக அணைத்து வைத்தது அப்படியே மறந்துபோவது சாதாரணமாக நடக்கிற விஷயம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துப் போட்டிருந்தால் அதில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருக்கலாம், அது உங்கள் வீட்டு மின்னழுத்தத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 230 வோல்ட் வரும் இடத்தில் அது 115-இல் இருந்து, நீங்கள் ஸ்விட்சையும் போட்டால் எஸ்எம்பிஎஸ் அந்த நொடியே போய்விடும்.

ஸ்விட்ச் ஆன் ஆனதும் போர்டைப் பாருங்கள். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் பல போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு எரியும். அது எரிந்தால் நல்ல செய்தி: எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் போர்டுக்கு வந்துவிட்டது, அதுவரை வழி சரி. எல்லா போர்டிலும் அப்படி ஒரு விளக்கு இருக்காது என்பதால், எரியவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

இப்போது போர்டின் வலது ஓரத்தில் இருக்கும் பெரிய 24 பின் கனெக்டருக்கு வாருங்கள். இதை மேலிருந்து பார்க்காதீர்கள், எப்போதும் மாட்டியிருப்பது போலத்தான் தெரியும். தலையைச் சாய்த்து, டார்ச் அடித்து, பக்கவாட்டில் பாருங்கள். கனெக்டரின் அடிப்பாகத்துக்கும் போர்டில் உள்ள சாக்கெட்டுக்கும் நடுவில் ஒரு நகக்கனம் இடைவெளி தெரிந்தாலும் அது உட்காரவில்லை. ஒரு பக்கத்தில் இருக்கும் கொக்கி, சாக்கெட்டின் சின்ன மேட்டைத் தாண்டிப் போய்ப் பிடித்திருக்க வேண்டும், பிடிக்கும்போது 'டக்' என்று விரலுக்கே தெரியும். புது போர்டில் இதற்கு நிஜமாகவே பலம் வேண்டும். போர்டு வளைவதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டவர்கள் நிறைய. போர்டின் ஓரத்தைக் கீழே ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கனெக்டரின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். மாடுலர் எஸ்எம்பிஎஸ், அதாவது கேபிள்களை அதன் பக்கத்திலும் கழற்றி மாட்டும் வகை என்றால் இதே கேபிளின் மறுமுனையையும் இப்படியே பாருங்கள், அந்தப் பக்கம் தளர்ந்திருப்பதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

மாடுலர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்கள் ஏற்கெனவே கேபினெட்டுக்குள் ஓடுகின்றன, புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அவை சரியாகச் சொருகுகின்றன, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். போர்டு பக்கத்து முனைக்குத்தான் பொதுவான வரையறை உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும், ஏன், ஒரே தயாரிப்பாளரின் வேறு வேறு மாடல்களும் தங்கள் இஷ்டப்படி வைத்திருப்பார்கள். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் அந்த நொடியிலேயே போய்விடும், அதிலிருந்த எல்லாமும் போய்விடும். பெட்டியில் கூடவே வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்து பிராசஸருக்கான மின்கேபிள், போர்டின் மேல் இடது மூலையில் இருக்கும் 8 பின். அதிகம் பேர் மறப்பது இதைத்தான், ஏனென்றால் கூலரையும் மேலே இருக்கும் ஃபேனையும் மாட்டிய பிறகு அந்த மூலை கண்ணுக்கே தெரியாது. இது இல்லாமல் பட்டனை அழுத்தினால், போர்டைப் பொறுத்து, ஃபேன்கள் சுற்றும் ஆனால் திரை வராது. அல்லது ஆன் ஆகி உடனே அணையும். மேலே நான் சொன்ன அந்த ஒரே ஒரு கேபிள் இதுதான். இன்னொரு குழப்பமும் உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். பிரித்துப் பாருங்கள்: நான்கு நான்காகப் பிரிந்தால் பிராசஸருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு. பின்களின் வடிவம் வேறு என்பதால் தப்பானது எளிதில் உள்ளே போகாது, போகவில்லையே என்று பலத்தைக் காட்டினால்தான் வினை. சில போர்டுகளில் 8 பின்னுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு 4 பின்னோ இன்னொரு 8 பின்னோ இருக்கும், முதல் தடவை எழுந்து நிற்பதற்கு அந்தக் கூடுதல் ஒன்று பொதுவாகத் தேவைப்படாது.

பட்டன் என்ன செய்கிறது?

கேபினெட்டின் பவர் பட்டன் வழியாக மின்சாரம் பாய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது வாசல் மணி மாதிரி. அழுத்தும்போது இரண்டு மெல்லிய கம்பிகள் ஒரு கணம் ஒன்றோடொன்று தொடுகின்றன, அவ்வளவுதான். அதைப் பார்த்து போர்டு, 24 பின் கனெக்டரின் 16-ஆவது பின்னைத் தரையோடு, அதாவது கிரவுண்டோடு, இணைக்கிறது. அந்தப் பின் தரையானதும் எஸ்எம்பிஎஸ் விழித்துக்கொண்டு 12, 5, 3.3 வோல்ட்களைக் கொடுக்க ஆரம்பிக்கிறது. எல்லா வோல்ட்டும் நிலைக்கு வந்ததும் 8-ஆவது பின் வழியாக 'எல்லாம் சரி' என்று போர்டுக்குத் திரும்பத் தகவல் சொல்கிறது, அப்புறம்தான் பிராசஸர் வேலையைத் தொடங்குகிறது. இந்த வரிசை மனதில் இருந்தால் பாதிக் கோளாறைக் கையை வைக்காமலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பட்டனிலிருந்து வரும் மெல்லிய கம்பி போர்டின் கீழ் வலது மூலையில், பொடிப் பொடிப் பின்கள் இரண்டு வரிசையாக நிற்கும் இடத்தில் மாட்ட வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் அதன் அமைப்பு ஒன்றுபோலத்தான் இருக்கும்: ஒற்றைப்படை எண்கள் ஒரு வரிசை, இரட்டைப்படை எண்கள் இன்னொரு வரிசை, 10-ஆவது இடத்தில் பின் இருக்காது; பவர் பட்டனுக்கு 6, 8; ரீசெட் பட்டனுக்கு 5, 7. ஆனாலும் உங்கள் போர்டின் கையேட்டைத் திறந்து அந்தப் படத்தைப் பாருங்கள், மங்கலான வெளிச்சத்தில் ஒரு பின் தள்ளி மாட்டுவது ரொம்பச் சுலபம். பட்டன் கம்பிகளுக்குத் தலைகீழ் என்பது கிடையாது, எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். விளக்குகளுக்கு மட்டும்தான் கூட்டல், கழித்தல் பார்க்க வேண்டும், அதை மாற்றி மாட்டினாலும் விளக்கு எரியாதே தவிர வேறு கெடுதல் இல்லை.

சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன், இன்னும் எழவில்லை என்றால் பட்டனையே வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் கம்பியை உருவிவிட்டு, மின்சாரத்தை ஆன் செய்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் 6, 8 இரண்டு பின்களையும் ஒரே சமயத்தில் ஒரு விநாடி தொடுங்கள். அங்கே இருப்பது மிகக் குறைந்த வோல்ட், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்துப் பின்களில் மட்டும் படாமல் நிதானமாகச் செய்யுங்கள். இப்போது மெஷின் எழுந்தால் கோளாறு கேபினெட்டின் பட்டனிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. ரீசெட் பட்டனின் கம்பியை எடுத்து பவர் பின்களில் மாட்டிக்கொண்டால் அன்றைக்கே வேலை நடக்கும். இந்த ஸ்க்ரூடிரைவர் சோதனையை எல்லோரும் கடைசியில் செய்கிறார்கள், நான் முதல் ஐந்து நிமிடத்திலேயே செய்துவிடுவேன்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிப்பது

ஸ்க்ரூடிரைவருக்கும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாக் கேபிள்களையும் எல்லாப் பாகங்களிலிருந்தும் கழற்றிவிட்டு, 24 பின் கனெக்டரை மட்டும் வெளியே வைத்து, போர்டு செய்யும் வேலையை நாமே செய்வதுதான் சோதனை. அதாவது 16-ஆவது பின்னை ஏதாவது ஒரு தரைப் பின்னோடு இணைப்பது. வண்ண வண்ணக் கம்பிகள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் பச்சை ஒன்றுதான் இருக்கும், அதுதான் 16. கறுப்பு எல்லாம் தரை. மின்கேபிளை உருவிய நிலையில், வளைத்த ஒரு பேப்பர் கிளிப்பைப் பச்சையிலும் பக்கத்துக் கறுப்பிலும் சொருகிவிட்டு, கையை எடுத்த பிறகு மின்சாரத்தை ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் விழிக்கிறது என்று பொருள். இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லாக் கம்பியும் கறுப்பாகவே இருக்கும், அப்போது கையேட்டில் உள்ள படத்தைப் பார்க்காமல் கிளிப்பைச் சொருகாதீர்கள். சில பெட்டிகளில் இந்தச் சோதனைக்கென்றே ஒரு சின்ன பிளக் கூடவே வரும், இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனைச் சுற்றாமலேயே வைத்திருக்கும் எஸ்எம்பிஎஸ்கள் உண்டு, ஆகவே ஃபேன் நின்றிருப்பதால் மட்டும் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதேபோல ஃபேன் சுற்றுவதால் மட்டும் முழு ஆரோக்கியம் என்றும் சொல்ல முடியாது. மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட்டில் 3.14 முதல் 3.47 வரை இருக்க வேண்டும். ஊதாக் கம்பி, அதாவது 9-ஆவது பின், கிளிப் போடாவிட்டாலும் பின்பக்க ஸ்விட்ச் ஆனில் இருந்தாலே 5 வோல்ட் காட்ட வேண்டும். அதுவே இல்லை என்றால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம், எஸ்எம்பிஎஸ்ஸை வாரண்டியில் மாற்றுங்கள்.

கால் சுற்று சுற்றி நின்றுவிட்டால்

இதில்தான் என் அதிகபட்ச நேரம் போயிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் மின்சாரத்தைக் கொடுத்த கணமே எங்கேயோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. இப்படி அணைந்த பிறகு பட்டனை உடனே அழுத்தினால் சில எஸ்எம்பிஎஸ்கள் அசையவே அசையாது, பின்பக்க ஸ்விட்சை அணைத்து அரை நிமிடம் விட்டுத்தான் திரும்ப முயல வேண்டும்.

ஒரு நண்பருடைய மெஷின், அச்சு அசல் இந்த அறிகுறிதான். கேபிள் எல்லாம் சரி, எஸ்எம்பிஎஸ் சரி, ராம் மாற்றிப் பார்த்தாயிற்று, கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் போர்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி வெளியே எடுத்து, திருப்பி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, கீழ்ப்பகுதியில் ஸ்க்ரூ ஓட்டையே இல்லாத ஓரிடத்தில் மிளகு அளவுக்கு வட்டமாக ஒரு பளபளப்பு தெரிந்தது. கேபினெட்டில் அதற்கு நேராக ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் நின்றுகொண்டிருந்தது. போர்டைத் தாங்குவதற்காகக் கேபினெட்டில் திருகிவைக்கும் அறுகோணக் குமிழ்கள் இருக்கின்றனவே, அவைதான் ஸ்டாண்ட்ஆஃப். அந்தக் கேபினெட்டில் தொழிற்சாலையிலேயே எல்லா இடத்திலும் அதைத் திருகி அனுப்பியிருந்தார்கள், இவருடையதோ சின்ன போர்டு. ஓட்டை இல்லாத இடத்தில் நின்ற அந்த ஒன்று, போர்டின் பின்னால் உள்ள சால்டர் முனைகளைக் கேபினெட்டோடு இணைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டினோம், முதல் அழுத்திலேயே எழுந்துவிட்டது. எஸ்எம்பிஎஸ் சட்டென்று அணைந்துகொண்டதால்தான் போர்டு பிழைத்தது.

அதனால் போர்டை எடுத்து, அதன் ஓட்டைகளையும் கேபினெட்டில் நிற்கும் ஸ்டாண்ட்ஆஃப்களையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு எண்ணுங்கள். ஓட்டைக்கு நேராக இல்லாத ஒவ்வொன்றையும் கழற்றுங்கள். நழுவி உள்ளே விழுந்த ஸ்க்ரூ போர்டின் பின்னால் சிக்கியிருக்கிறதா என்று கேபினெட்டை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், உருளும் சத்தம் கேட்கும். பின்பக்கத் தகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோக நாக்கு ஏதாவது ஒரு யூஎஸ்பி அல்லது நெட்வொர்க் துளைக்குள் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பக்க யூஎஸ்பி கேபிள் மாட்டும் இடத்தில் வளைந்துபோன ஒரு பின்னும் இதே வேலையைச் செய்யும். அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு தடவை முயன்று பாருங்கள்.

வெளியே எடுத்து வையுங்கள்

இத்தனைக்கும் பிறகு புதிர் விடுபடவில்லை என்றால், போர்டைக் கேபினெட்டுக்கு வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். அட்டை மேல்தான், கூடவே வந்த பளபளப்பான நிலைமின்சார உறையின் மேல் வேண்டாம், அந்த உறையின் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. போர்டில் பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், இவ்வளவு மட்டும் இருக்கட்டும். 24 பின், பிராசஸரின் 8 பின், இரண்டு கேபிள்கள் மட்டும். எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், கூடுதல் ஃபேன்கள், கலர் விளக்குகள், யூஎஸ்பி எதுவும் வேண்டாம். பிராசஸரில் உள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். இப்போது ஸ்க்ரூடிரைவரால் பின்களைத் தொட்டு எழுப்புங்கள்.

எழுந்தால், இப்போது போர்டில் இருக்கும் பாகங்கள் எல்லாம் நலம், கோளாறு கேபினெட்டுக்குள் ஷார்ட்டாகவோ கழற்றி வைத்தவற்றில் ஒன்றாகவோ இருக்கிறது. எழவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியவர்கள் நாலே பேர்: எஸ்எம்பிஎஸ், போர்டு, பிராசஸர், ராம். எஸ்எம்பிஎஸ்ஸை ஏற்கெனவே சோதித்தாயிற்று. ராமை வேறு இடத்திலும், இருந்தால் இன்னொரு ராமையும் போட்டுப் பாருங்கள். அதுவும் இல்லை என்றால் கூலரைக் கழற்றிப் பிராசஸரைப் பார்க்க வேண்டியதுதான்.

இதில் அவசரம் கூடவே கூடாது. பின்கள் சாக்கெட்டில் இருக்கும் வகை என்றால், இன்டெலின் எல்ஜிஏ 1700, ஏஎம்டியின் ஏஎம்5 எல்லாம் அப்படித்தான், பிராசஸரை நேராக மேலே தூக்கி எடுத்துவிட்டு, டார்ச்சைத் தாழ்வாகச் சாய்த்து அடித்துச் சாக்கெட்டைப் பாருங்கள். நல்ல பின்களெல்லாம் ஒரே கோணத்தில் வரிசையாக மின்னும், வளைந்த பின் மட்டும் அந்த மின்னலில் ஒரு கறுப்புப் புள்ளியாகவோ தனியாக வேறு திசையில் பளிச்சென்றோ தெரியும். விரலால் தொடாதீர்கள். ஏஎம்4 வகையில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். கூலரை நேராக இழுத்தால் நடுவில் தடவிய வெப்பம் கடத்தும் பேஸ்ட்டின் பிடிப்பில் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அதனால் இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திவிட்டு எடுங்கள். மூலையில் உள்ள தங்க முக்கோணமும் சாக்கெட்டில் உள்ள முக்கோணமும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கூலரை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தாலும் பிராசஸரின் தொடர்பு சரியாக அமையாமல் போகும், ஒரு பக்கத்து ராம் தெரியாமல் போவது அதன் அடையாளம்.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

முதலில் மானிட்டர் கேபிள். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையில் இல்லை. கார்டு இல்லை என்றால், உங்கள் பிராசஸரில் கிராபிக்ஸ் இருக்கிறதா? மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசஸர்களில் இல்லை. மேசைக் கம்ப்யூட்டருக்கான ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் ஜி என்ற எழுத்து இருந்தால்தான் உண்டு. கார்டுக்கான மின்கேபிள் முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள்; புதிய 16 முனை வகையில் கொஞ்சம் இடைவெளி விட்டாலும் பிற்பாடு சூடேறி உருகும் ஆபத்து இருக்கிறது.

அடுத்து ராம். இரண்டு ராம், நாலு இடம் என்றால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது இடங்கள். இரண்டு முனையும் 'டக்' என்று உட்கார வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்டுகளில் கொக்கி இல்லாத முனைதான் நம்மை ஏமாற்றும், அதை ஒரு தடவை தனியாக அழுத்துங்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். டிடிஆர்5 ராம் போட்ட மெஷின், அதிலும் ஏஎம்5 போர்டு, முதல் தடவை ஆன் ஆகும்போது ராமைப் பழக்கிக்கொள்வதற்குப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், நடுவில் தானாக ஒன்றிரண்டு தடவை அணைந்து எழவும் செய்யும். ராம் அதிகமாக இருந்தால் இன்னும் நேரமாகும். செத்துவிட்டது என்று நினைத்து ஸ்விட்சை அணைத்தால் அது முதலிலிருந்து ஆரம்பிக்கும், நீங்களும் முதலிலிருந்து கவலைப்படுவீர்கள். ஒரு பதினைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். நலமாக இருந்த போர்டைக் கழற்றித் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு, பொறுமையாக இருந்திருந்தால் போதும்.

போர்டின் வலது மேல் மூலைப் பக்கம் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து தொடங்குவது) என்று நாலு குட்டி விளக்குகள் இருந்தால் அவற்றைப் பாருங்கள். எதில் வந்து நிற்கிறதோ அதில்தான் சிக்கல். விளக்குகள் இல்லாத போர்டில் ஒரு சின்ன பீப் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டால், எத்தனை பீப் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

சிபியு விளக்கிலேயே நின்றால் பயாஸ் பழையதாக இருக்கலாம். கடை அலமாரியில் ரொம்ப நாள் இருந்த போர்டுக்கு, அது வந்த பிறகு வெளியான பிராசஸரைத் தெரியாது. பழைய பயாஸ் உள்ள பி450 போர்டில் ரைசன் 5000, இன்டெலின் 600 வரிசைப் போர்டில் 13-ஆம் தலைமுறை, முதல் ஏஎம்5 போர்டுகளில் ரைசன் 9000 எல்லாம் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். போர்டின் பின்பக்கத்தில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசஸர் வேலை செய்யாமலேயே புதுப்பிக்கலாம். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில், கையேடு சொல்லும் பெயரில் ஃபைலைப் போட்டு, அதற்கென்று குறித்த துளையில் சொருகி, பட்டனை அழுத்திப் பிடித்து, விளக்கு மினுக்கி முடியும்வரை மின்சாரத்தைத் தொடாதீர்கள். அப்புறமும் பிடிவாதம் பிடித்தால் சிமாஸை, அதாவது பயாஸின் அமைப்புகள் சேமித்திருக்கும் நினைவகத்தை, ஒரு தடவை அழித்துப் பாருங்கள்: கேபிளை உருவி, வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுவதுதான்.

எல்லாம் பார்த்தும் போர்டுதான் காரணம் என்று தெரிந்தால் வாரண்டிக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை மறக்காமல் மாட்டி அனுப்புங்கள், அது இல்லாமல் போய் வழியில் ஒரு பின் வளைந்தால் பழி உங்கள் மேல்தான் வரும்.

அட்டைப்பெட்டி மேல் எழுந்து நின்ற மெஷினை எல்லாவற்றையும் ஒரேயடியாக மாட்டிக் கேபினெட்டுக்குள் திணிக்க வேண்டாம். பயாஸ் திரையில் ராமின் அளவையும் பிராசஸரின் சூட்டையும் பார்த்துக்கொண்டு அணையுங்கள். போர்டை மட்டும் உள்ளே வைத்து ஒரு தடவை ஆன் செய்யுங்கள். அப்புறம் முன்பக்கக் கம்பிகள், அப்புறம் எஸ்எஸ்டி, அப்புறம் கிராபிக்ஸ் கார்டு, கடைசியாக ஃபேன்களும் விளக்குகளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள். எதை மாட்டியதும் நிற்கிறதோ, தேடிக்கொண்டிருந்தது அதுதான். கேபிள் கட்டும் டேக்குகளை அதுவரை எடுக்கவே எடுக்காதீர்கள்.